எஸ். பிள்ளை எத்தனை பேர்?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பிள்ளை என்ற பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் தெருவில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். நாயுடு, முதலி, படையாட்சி என்று கூப்பிட்டாலும் அதே கதைதான். 1860இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு ட்ரூரோ கப்பல் வந்த நாளிலிருந்து, சாதிப் பட்டமோ தகப்பன் பெயரோ, எது குமாஸ்தாவின் காதில் விழுந்ததோ அதுவே பலருக்குக் குடும்பப் பெயராக நின்றுவிட்டது. நான் பிறந்த வீட்டில் நாயுடு, கல்யாணத்துக்குப் பிறகு பிள்ளை. முன்னெழுத்து எஸ். ஓர் ஆய்வாளருக்கு இதைவிடத் துரதிர்ஷ்டமான பெயர் அமையாது. ஒவ்வோர் ஆய்வாளருக்கும் தனித்தனியாகக் கிடைக்கும் அடையாள எண்ணான ஆர்கிட் (ORCID) எண்ணைப் பற்றி இவ்வளவு எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

என் துறை குற்றவியல். விசாரணைக் கைதிகளைப் பற்றி எட்டுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறேன். முதல் மூன்று நாயுடுவாக, மற்ற ஐந்தும் பிள்ளையாக. இரண்டு ஆண்டுகளுக்கு முன் பதவி உயர்வுக்கான நேர்காணலில் குழுத் தலைவர் என் கோப்பைப் புரட்டிவிட்டு, “உங்கள் ஹெச்-இன்டெக்ஸ் 14. பிரமாதம்!” என்றார். எட்டுக் கட்டுரை எழுதியவளுக்கு எட்டுக்கு மேல் அந்த எண் வரவே வராது. ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன கணக்கு அது: ஐந்து கட்டுரைகள் தலா ஐந்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் 5. நான் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது: “கைதிகளை விட்டுக் கரும்புத் தண்டுத் துளைப்பான் புழுவுக்கு எப்படிப் போனீர்கள்?”

பல்கலைக்கழகம் காசு கட்டி வாங்கும் ஒரு மேற்கோள் தரவுத்தளம் (பெயர் வேண்டாம்) கரும்புப் பூச்சி ஆய்வாளர் ஒருவரையும் என்னையும் ஒரே ஆளாக்கியிருந்தது. அவரும் எஸ். பிள்ளைதான். திருத்தச் சொல்லி எழுதினேன். ஆறு வாரம் கழித்துப் பிரித்துத் தந்தார்கள். அந்தப் பிரிவினையில் என் கட்டுரைகளில் ஒன்று பூச்சிக்காரரிடமே தங்கிவிட்டது. நாயுடுவின் மூன்றும் அநாதைகளாக வேறொரு பக்கத்தில் நின்றன. எனக்கு மிஞ்சிய ஹெச்-இன்டெக்ஸ் 2.

அழாத குறையாக நூலகத்துக்குப் போனேன். அங்கே இருக்கும் அக்கா எதையும் கேட்டுக்கொள்ளாமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். “உட்காரம்மா. உன் ஆயாவோட ஆயா கப்பலில் வந்தபோது அவருக்கு ஒரு நம்பர் போட்டார்கள். இன்றைக்கு உனக்கும் ஒரு நம்பர் போட்டுவிடுவோம்.”

ஒப்பந்தக் கூலிகளின் பதிவேட்டில் ஒவ்வொருவருக்கும் எண் உண்டு. குடும்ப வரலாறு தேடுகிறவர்கள் இன்றும் அதைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள். அக்கா சொன்ன வேடிக்கை கொஞ்சம் உறுத்தியது. ஆனால் அந்த எண்ணை வெள்ளைக்காரன் ஒட்டினான். இதை நானே கேட்டு வாங்கினேன்.

ஆர்கிட் 2012இல் தொடங்கியது, லாப நோக்கில்லாத அமைப்பு. நமக்கு இலவசம், சந்தா கட்டுவது நிறுவனங்கள். 16 இலக்கங்கள், நான்கு நான்காகப் பிரித்திருக்கும். சிலருக்குக் கடைசியில் எக்ஸ் எழுத்து விழும். பதிவு செய்ய ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ‘வேறு பெயர்கள்’ என்று ஒரு பெட்டி இருக்கிறது. அதில் எஸ். நாயுடு என்று சேர்த்தேன். பிறகு ஆசை விடவில்லை, தமிழிலும் என் முழுப் பெயரை அடித்தேன். ஏற்றுக்கொண்டது! சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுதக் கற்ற பெயர், முதன்முறையாக என் ஆய்வுக் கணக்கில் ஏறியது. இந்தப் பெட்டிக்காகவே ஒரு நட்சத்திரம் கூடக் கொடுப்பேன்.

டி.ஓ.ஐ. எண் (இணையத்தில் ஒவ்வொரு கட்டுரைக்கும் தரும் நிரந்தர அடையாள எண்) உள்ள ஐந்து கட்டுரைகளைத் தேடி எடுத்துச் சேர்ப்பது சுலபம். அது இல்லாத மூன்று பழைய உள்ளூர் இதழ்க் கட்டுரைகளை நானே தட்டெழுதினேன். ஒரு மாலை நேரம் போயிற்று. இப்போது கட்டுரை அனுப்பும்போதே எண்ணையும் கொடுத்துவிடுகிறேன். ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டதால், வெளியானதும் அதுவே வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறது.

இது எதையும் எடை போடாது. மேற்கோள் எண்ணிக்கையும் கிடையாது, ஹெச்-இன்டெக்ஸும் கிடையாது. குறை என்பார்கள் சிலர். எனக்கு அதுவே நிம்மதி. இந்த நாட்டில் அங்கீகரித்த இதழில் வந்த கட்டுரைக்கு ஓர் அலகு என்று கணக்கிட்டு, எழுதியவர்களுக்குள் பங்கு பிரித்துத்தான் உயர்கல்வித் துறை பல்கலைக்கழகங்களுக்கு மானியம் தருகிறது. எத்தனை பேர் அதை மேற்கோள் காட்டினார்கள் என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. எங்கள் துறையில் பாதி உழைப்பு சிறை ஆய்வு அறிக்கைகளுக்கும் நாடாளுமன்றக் குழுவுக்கு அனுப்பும் மனுக்களுக்கும் போகிறது. அவற்றை எந்த மேற்கோள் எண்ணும் தொடுவதில்லை. ஆர்கிட்டில் ‘அறிக்கை’ என்று வகை குறித்து அவற்றையும் போட்டுவைத்திருக்கிறேன்.

ஓர் எச்சரிக்கை: எழுதாததை எழுதியதாக யார் வேண்டுமானாலும் தன் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம். சேர்த்தது யார் என்பது பதிவின் கீழே தெரியும். நேர்காணல் குழுக்கள் அதையும் பார்க்கப் பழக வேண்டும். பழைய கணக்கை மறந்து இரண்டாவது எண் வாங்கிக்கொண்டு குழம்புகிறவர்களும் உண்டு. மொத்தத்தில் ஆர்கிட்டுக்கு என் மதிப்பீடு, ஐந்து நட்சத்திரத்துக்கு நாலரை.

கரும்பு எஸ். பிள்ளைக்கு மின்னஞ்சல் போட்டு, நீங்களும் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் அண்ணா என்றேன். இன்னும் வாங்கவில்லை. போன வாரம் சிறைச் சீர்திருத்தக் கருத்தரங்கில் பேச வரும்படி அவருக்கு அழைப்புப் போயிருக்கிறது. சிரித்துக்கொண்டே எனக்கு அனுப்பிவைத்தார்.