மரச் சீலிங் அடிக்கப்போகிறவர்கள் இதை வாசித்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்

வெள்ளவத்தை, தெஹிவளைப் பக்கம் பைன் பலகையில் சீலிங் அடித்துத் தருவதாக விளம்பரம் போடுகிறவர்கள் நிறையப் பேர். எல்லாரையும் சொல்லவில்லை, எங்களுக்கு வந்து வாய்த்த ஆளைப் பற்றித்தான் சொல்கிறேன், பெயர் போடமாட்டேன்.

வந்து அளந்தார், நன்றாகவும் பேசினார். "சூளையில காயவச்ச பைன், போரோன் மருந்து ஏத்தினது, ஒன்னும் யோசிக்க வேணாம் அக்கா." சாமான் எடுக்கவென்று முக்கால்வாசிக் காசை முதலிலேயே வாங்கிக்கொண்டார். பில் வேலை முடியத் தருவதாகச் சொன்னார், இன்றுவரை வரவில்லை.

பலகை லொறியில் வந்து இறங்கியபோதே தொட்டால் சில்லென்று இருந்தது, தூக்கினால் பாரம். சிலதின் ஓரத்தில் நீலமும் கறுப்புமாகக் கோடு. கேட்டால் "அது பைனோட டிசைன் அக்கா" என்றார். டிசைனும் இல்லை மண்ணாங்கட்டியும் இல்லை, ஈரப் பைனில் பூஞ்சணம் பிடித்த கறை. மருந்து ஏற்றினது என்று அவர் சொன்னதெல்லாம், வாசலில் வைத்துப் பிரஷால் பின்பக்கம் ஒரு தடவை இழுத்துவிட்டதுதான். பூச்சியும் பூஞ்சணமும் பிடிக்காமலிருக்க ஏற்றுகிற போரோனென்றால் பலகையை அதில் ஊறவைக்க வேண்டும், அல்லது அழுத்தத்தில் உள்ளே ஏற்ற வேண்டும்.

அடித்து முடித்த அன்று பார்க்க நல்ல வடிவு. கொஞ்ச நாளில் பலகைகளுக்கு இடையே இருட்டுக் கோடு விழத் தொடங்கியது. மரம் காயும்போது நீளத்தில் அவ்வளவாகக் குறையாது, அகலத்தில்தான் சுருங்கும். ஒரு பலகையின் நாக்கு, அதாவது ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கிற விளிம்பு, அடுத்ததன் காடியை, அது நுழைகிற பள்ளத்தை, விட்டு வெளியே வந்து, நடுவில் வளைந்து, கடைசியில் ஒரு இரவு சாப்பாட்டு மேசைக்கு மேலிருந்து ஒரு பலகை கழன்று விழுந்தது. நல்லவேளை, மேசையில் யாரும் இல்லை. மொறட்டுவையில் தளபாட வேலை செய்கிற ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினோம். ஈரம் பார்க்கிற கருவியை இன்னும் மேலே இருக்கிற பலகையில் வைத்தார், அத்தனை நாள் கழித்தும் 20 வீதத்துக்கு மேல் காட்டியது. கொழும்பு வீட்டுக்குள் மரம் 15 வீதத்தை அண்டித்தான் நிற்க வேண்டுமாம். பலகையைத் தாங்குகிற மரச் சட்டமான சிலாகையை 2 அடிக்கு ஒன்றாக அடிக்காமல் 4 அடிக்கு ஒன்றாக அடித்திருக்கிறான், பலகைக்குப் போட்டதும் ஆணி அடிக்கிற கன்னால் (nail gun) அடிக்கிற மெல்லிய ஆணி. கடல் காற்றில் அது இப்போதே துருப்பிடித்துப் பலகையில் பழுப்பாக வழிந்திருக்கிறது.

இதைவிடக் கோபம் வந்தது வேறொன்றுக்கு. பழைய சீலிங் ஷீட் அஸ்பெஸ்டஸ் என்று தெளிவாகச் சொல்லியும் அதையே ட்ரில்லால் துளைத்து, தூசியை விளக்குமாற்றால் கூட்டினார்கள். அம்மா ஏற்கனவே இழுப்புக்காரி.

இப்போது ஃபோன் எடுப்பதில்லை. நுகர்வோர் அதிகாரசபையின் 1977 என்ற ஃபோன் இலக்கத்துக்கு அடிக்கலாம், ஆனால் முறைப்பாட்டை 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும், கையில் பில் இருந்தால்தான் பேச்சும் எடுபடும். எங்களிடம் இருப்பது வங்கிக்குக் காசு போட்ட சீட்டும் வட்ஸ்அப் பேச்சும். அதை வைத்துக்கொண்டு மத்தியஸ்த சபைக்குப் போகிறோம்.

யாரையாவது கூப்பிடுவதென்றால் பலகை இறங்கிய உடனே கருவி வைத்துக் காட்டச் சொல்லுங்கள், சிலாகை அடித்ததும் படம் எடுத்துவிட்டு அப்புறம் பலகை ஏற்ற விடுங்கள். இந்தப் பக்கம் மிச்சத்தைக் கழற்றித் திருப்பி அடிக்கிற நம்பிக்கையான ஆள் யாரையும் தெரிந்தால் எனக்குச் சொல்லுங்கள்.