ஊட்டி போட் ஹவுஸா, கொடை ஏரியா? மார்க் போட்டது யார்?

மதுரையிலிருந்து அக்கா போன் செய்தாள். "ரெண்டு மலைக்கும் ரேட்டிங் பார்த்துட்டேன்டி. எந்த இடத்தைத் தொட்டாலும் நாலைச் சுத்தியேதான் நிக்குது. இதை வெச்சு என்னத்த முடிவு பண்றது?"

நான் குன்னூரில் வாழ்க்கைப்பட்டவள். நாத்தனார் வீடு கொடைக்கானல் பக்கம் செண்பகனூரில். சீசன் வந்தால் இரண்டு மலையிலும் சொந்தபந்தங்களைக் கூட்டிக்கொண்டு சுற்றுவது என் தலையெழுத்து. அதனால் அக்கா கேட்டதும் சிரிப்புதான் வந்தது. ஆளுக்கு ஆள் நாலு நட்சத்திரம் வாங்கி வைத்திருக்கும் ஊரில் நட்சத்திரத்தைப் பார்த்து இடம் தேடுவது, கல்யாண வீட்டில் பட்டுப்புடவையை அடையாளம் சொல்லி ஆளைத் தேடுகிற மாதிரி.

ஏன் எல்லாம் நாலிலேயே நிற்கிறது? மனசு நிறைந்தவர் எழுதுவார், வயிறு எரிந்தவரும் எழுதுவார். "பரவாயில்ல, நல்லாத்தான் இருந்துச்சு" என்று நினைத்தவர் வர்க்கி வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். போனை வைத்திருப்பவர்தான் நட்சத்திரம் போடுகிறார் என்பதையும் யாரும் யோசிப்பதில்லை. போன் பெரும்பாலும் பணம் கொடுத்தவர் கையில் இருக்கும், ராட்டினத்தில் ஏறியவன் கையில் இருக்காது.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. திரும்பும்போது வேனிலேயே ஆளுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று கேட்டுவிடுவேன். போன வருஷம் அக்கா குடும்பம் மே மாதம் ஊட்டிக்கும், செப்டம்பரில் கொடைக்கும் வந்தது. ஊட்டி போட் ஹவுஸுக்கு அக்கா மகன் 9 போட்டான், அக்கா 6, அத்தான் 4. கொடை ஏரிக்குப் பையன் 6, அக்கா 8, அத்தான் 9. சராசரி எடுத்தால் கொடை சுலபமாக ஜெயித்துவிட்டது. யாருக்காக லீவு போட்டுக் கிளம்பினோமோ, அவனைக் கேட்டால் தீர்ப்பு நேர் எதிர். (மே மாதத்து ஊட்டியையும் செப்டம்பர் கொடையையும் ஒரே தராசில் வைப்பது நியாயமில்லைதான். ரேட்டிங்கும் அதைத்தானே செய்கிறது.)

அத்தான் ஏன் 4 போட்டார் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். ஊட்டி போட் ஹவுஸில் உள்ளே போக ஒரு டிக்கெட், படகுக்கு ஒரு டிக்கெட், குட்டி ரயிலுக்கு ஒன்று, விளையாட்டு ஒவ்வொன்றுக்கும் ஒன்று. தொகை பெரிதில்லை. ஆனால் பர்ஸ் ஏழெட்டு முறை திறந்தது. ஒவ்வொரு முறையும் ஒரு கையில் பையனின் ஸ்வெட்டர், மறு கையில் பாதி கடித்த சுட்ட சோளம், பல்லில் பர்ஸ். கொச்சி வொண்டர்லா போன்ற பெரிய பூங்காக்களில் வாசலில் ஒரே டிக்கெட். உள்ளே நுழைந்தபின் காசு நினைப்பே வராது. செலவு அங்கேதான் அதிகம் என்றாலும் வலி ஒரே தடவை. அடிவாரத்தில் மேட்டுப்பாளையம் பக்கத்துத் தண்ணீர்ப் பூங்காவுக்குப் பிள்ளைகள் தலைகால் தெரியாமல் ஆடுவதற்கும் பாதிக் காரணம் இந்த ஒற்றை டிக்கெட்தான். ஒரே எச்சரிக்கை, அங்கே ஊறிய ஈரத் தலையோடு அன்று மாலையே ஊட்டி ஏறினால் மறுநாள் ரேட்டிங்கை டாக்டர்தான் போடுவார்.

பையனுக்கு அந்தப் பர்ஸ் கவலை எதுவும் இல்லை. பெடல் படகில் அவன் கால் பெடலுக்கு எட்டவில்லை. அதனால் அவன் திருப்பினான், அத்தான் மிதித்தார். லைஃப் ஜாக்கெட் காது வரை ஏறியிருந்தது. இன்னொரு படகில் லேசாக முட்டியபோது அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1823-ல் ஆரம்பித்து 1825-ல் முடித்த செயற்கை ஏரி இது, அப்போது இன்னும் பெரிது, இப்போது பஸ் ஸ்டாண்ட் இருப்பதும் ரேஸ் கோர்ஸ் இருந்ததும் பழைய ஏரியின் இடம் என்றெல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் காதில் எதுவும் விழவில்லை. அவனுடைய 9 மார்க் அந்த முட்டலுக்கு.

கொடை ஏரியின் கணக்கே வேறு. மதுரை கலெக்டர் லெவிஞ்ச் 1863-ல் உருவாக்கிய நட்சத்திர வடிவ ஏரி. சுற்றி வர 5 கிலோமீட்டர் ரோடு. நடக்கக் காசில்லை. படகு இருக்கிறது, குதிரை இருக்கிறது, ஆனால் ஏரியின் உயிர் வாடகை சைக்கிளில்தான் இருக்கிறது. அத்தான் கல்லூரிக்கு அப்புறம் அன்றைக்குத்தான் சைக்கிளைத் தொட்டாராம். இரண்டு பேர் மிதிக்கும் சைக்கிளை எடுத்து அக்காவைப் பின்னால் உட்கார வைத்தார். பாதி வழியில் மூடுபனி இறங்கி முன் சக்கரத்தைத் தவிர எல்லாம் மறைந்தது. ஐந்து நிமிஷம் ஓரமாக நின்றார்கள். விலகியபோது அக்கா அவர் தோளில் கை போட்டிருந்தாள். அதற்கு 9 போடாமல் என்ன செய்வார்? பையன் குட்டி சைக்கிளில் மூன்றாவது கிலோமீட்டரிலேயே "சித்தி, இங்க ரைடு எதுவும் இல்லையா?" என்று கேட்டுவிட்டான்.

கூட்டத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஒப்பீடு முடியாது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இரண்டு மலைக்கும் இ-பாஸ் வந்தது. 2025 சீசனில் நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 என்றும், கொடைக்கு 4,000, 6,000 என்றும் வரம்பு வைத்தார்கள். கொடைக்கு எண்ணிக்கை குறைவு என்று சந்தோஷப்பட்டுவிட வேண்டாம். நீலகிரியில் கூட்டம் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி என்று பிரியும். கொடையில் அத்தனை வண்டியும் அந்த ஒரு ஏரியைத்தான் சுற்றும். ஞாயிற்றுக்கிழமை கொடை மூஞ்சிக்கல் நெரிசலில் மாட்டியவர் ஏரியைப் பார்க்கும் முன்பே ஒரு நட்சத்திரத்தைக் குறைத்திருப்பார்.

பூங்காக்களில் போட்டி குறைவு. ஊட்டி தாவரவியல் பூங்கா 1848-ல் தொடங்கியது, 55 ஏக்கர், 2 கோடி வருஷப் பழைய கல்மரம் ஒன்று கிடக்கிறது. பெரியவர்களுக்கு அரை நாள் போதாது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அந்த ஏற்றம் ஆகாது, அவர்களைக் கொடையில் ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கும் பிரையண்ட் பூங்காவுக்குக் கூட்டிப் போங்கள். எங்கள் குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்கு நான் மார்க் போட்டால் ஊர்ப்பாசம் என்பீர்கள்.

கொடையில் இல்லவே இல்லாத ஒன்று மலை ரயில். காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் கிளம்பி 46 கிலோமீட்டரை நண்பகல் வரை ஏறும், எஞ்சின் பின்னால் இருந்து தள்ளும். 16 குகை. ஒவ்வொரு குகையிலும் பெட்டி மொத்தமும் "ஓ"வென்று கத்தும். எட்டாவது குகைக்கு அப்புறம் கத்துவது அப்பாக்கள் மட்டும்தான், பிள்ளைகள் தூங்கிவிடும். போட் ஹவுஸ் குட்டி ரயிலுக்குப் பையன் போட்ட மார்க்கை இதற்கு அவன் போடவில்லை. யுனெஸ்கோ 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்று போட்டுவிட்டது.

இனி திரும்பி இறங்கும் வழி. மார்க்கைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதுதான். 1993-ல் டேனியல் கானமன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் ஒரு சோதனை செய்தார்கள். 14 டிகிரி குளிர்ந்த நீரில் 60 விநாடி கை வைக்க வேண்டும். இன்னொரு தடவை அதே 60 விநாடி, கூடவே 30 விநாடி, அந்தக் கடைசி அரை நிமிஷத்தில் நீர் மெல்ல 15 டிகிரிக்கு ஏறும். எதைத் திரும்பச் செய்வீர்கள் என்றால் பெரும்பாலோர் நீண்டதையே கேட்டார்கள். உச்சமும் முடிவும்தான் மனதில் தங்குகிறது, மொத்த நேரம் தங்குவதில்லை. ஊட்டியிலிருந்து குன்னூர் வழியாக இறங்க 14 கொண்டை ஊசி வளைவு. கடைசி நினைவு வாந்திப் பையாக இருந்தால் ஊட்டி முழுவதற்கும் சேர்த்துத்தான் மார்க் குறையும். அதனால் நான் ஊட்டியை முடித்தவர்களைச் சிம்ஸ் பூங்காவில் ஒரு மணி நேரம் இறக்கி, வயிற்றை ஆறவிட்டுத்தான் அனுப்புவேன்.

இந்த இரண்டு மலையில் ஒன்றில், பெயர் வேண்டாம், ஒரு விளையாட்டுப் பூங்காவில் ராட்டினம் பாதியில் நின்று பத்து நிமிஷம் மேலேயே தொங்கினான் பையன். காசைத் திருப்பித் தரவில்லை. அக்கா வேனில் ஏறியதும் ஒற்றை நட்சத்திரம் போட்டாள். பள்ளி திறந்ததும் அவன் வகுப்பில் சொன்ன ஒரே கதை அந்தத் தொங்கல்தான்.

அதனால் ஐந்து நட்சத்திரத்தையும் ஒன்றையும் தாண்டிவிட்டு, மூன்று போட்டவர் எழுதியதைப் படிக்கச் சொன்னேன் அக்காவிடம். எந்த மாதத்தில் எழுதியது என்று பார், "கியூ", "டாய்லெட்", "பார்க்கிங்" என்று அதற்குள்ளேயே தேடு. அதைவிட முக்கியம், இந்தத் தடவை யார் மார்க்குக்காக வர்றீங்க?

கொஞ்ச நேரம் பேச்சில்லை. "பையனுக்குத்தான்," என்றாள்.

"அப்போ ஊட்டி. செவ்வாய்க்கிழமை வாங்க. இ-பாஸ் இன்னைக்கே போட்டுரு."

பின்னாலிருந்து அத்தான் குரல் கேட்டது. அக்கா சொன்னாள், "அங்க சைக்கிள் கிடைக்குமான்னு கேக்குறாரு."

"படகை மிதிக்கச் சொல்லு," என்றேன்.