பெங்களூரு வீட்டில் ஆக்சிஜன்: கான்சன்ட்ரேட்டரா, சிலிண்டரா?

மருத்துவர் நிமிடத்துக்கு 2 லிட்டர் என்று எழுதித் தந்து, நாள் முழுக்கத் தேவைப்பட்டால் கான்சன்ட்ரேட்டர்தான் சரி. காற்றிலிருந்தே ஆக்சிஜனைப் பிரிக்கும் இயந்திரம் என்பதால் தீராது. வடிகட்டியில் தூசி அடைத்தால் திறன் குறையும். வாரம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

மின்சாரம் போனால் நின்றுவிடும். நிமிடத்துக்கு 5 லிட்டர் வரை தரும் இயந்திரம் சுமார் 350 வாட் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் தாங்குமா என்று இன்றே ஓட்டிப் பாருங்கள்.

மின்தடைக்குத் துணை சிலிண்டர்: 1,500 லிட்டர் கொள்ளும் பி வகை, நிமிடத்துக்கு அதே 2 லிட்டர் அளவில் ஏறக்குறைய 12 மணி நேரம் வரும். சங்கிலியால் சுவரோடு கட்டுங்கள். வால்வில் எண்ணெய் படவே கூடாது. ஸ்ரீராமபுரத்து ஒற்றை அறை வீடுகளில் கட்டிலருகே அடுப்பும் பூஜை விளக்கும் இருக்கும். ஆக்சிஜன் தானே எரியாது, தீயை மூர்க்கமாக்கும். கான்சன்ட்ரேட்டரோ சிலிண்டரோ, எதை வைத்தாலும் தீயிலிருந்து 10 அடி தள்ளியே வையுங்கள்.

மூச்சு வாங்குகிறதென்று அளவை நீங்களாகக் கூட்டாதீர்கள். சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு) நோயாளிக்குக் கரியமில வாயு தேங்கி நினைவு தப்பலாம்.