24 நாள் லீவில் ஒரு மனை

துபாயில் பதினொரு வருஷம் ஓடிவிட்டது. சேமிப்பை இந்த முறை நிலத்தில் போடலாம் என்று 24 நாள் லீவில் திருச்சிக்கு வந்தேன். பத்திரம் என்றால் அப்பா பீரோவில் மஞ்சள் பையில் சுற்றி வைத்திருப்பது, அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

முதலில் கிடைத்தது இலவச உபசாரம். தஞ்சாவூர் ரோட்டில் மனை போட்டிருக்கும் ஒரு நிறுவனம் வீட்டுக்கே வேன் அனுப்பியது. போனதும் இளநீர், மத்தியானம் பிரியாணிப் பொட்டலம். எனக்குக் காட்டியது 47-ஆம் எண் மனை. கல்லில் பெயின்ட்கூடச் சரியாகக் காயவில்லை. “லீவ் முடியறதுக்குள்ள முடிச்சிருவோம் தம்பி, டோக்கன் மட்டும் போட்டுட்டுப் போங்க” என்றார் தரகர். முன்பணமாக 20,000 ரூபாய் கொடுத்தேன். பிரியாணி சாப்பிட்ட கூச்சமும் ஒரு காரணம்.

திரும்பும் வழியில் அதே தரகர் ‘பண்ணை நிலம்’ ஒன்றையும் காட்டினார். மனை விலையில் பாதிகூட இல்லை. வக்கீலிடம் கேட்டால் ஒரே வரியில் முடித்துவிட்டார்: வெளிநாட்டில் குடியிருப்பவர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்க ஃபெமா என்ற அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தில் இடமில்லை. வீடு, வீட்டு மனை, கடை வாங்கலாம். பரம்பரையாக வந்த வயலை வைத்துக்கொள்ளலாம். வளைகுடாக்காரர்களுக்கே விற்றுப் பிழைக்கும் தரகருக்கு இது தெரியாமலா இருக்கும்?

அரசு சேவைதான் ஆச்சரியப்படுத்தியது. பதிவுத்துறை தளத்தில் கணக்கு தொடங்கி, வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே வில்லங்கத்தைக் காசில்லாமல் பார்த்தேன். வில்லங்கம் என்றால் தகராறு என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். விற்பனை, அடமானம், அதன் ரத்து என்று பதிவான பத்திரங்களின் வரிசைதான் அது. பதியாத உயிலும் கோர்ட் வழக்கும் அதில் தெரியாது என்று வக்கீல் எச்சரித்தார். பட்டாவும், நிலத்தை அளந்து வரைந்த அரசு வரைபடமான புலப்படமும்கூட இணையத்திலேயே கிடைத்தன.

அங்கீகாரமில்லாத மனையைப் பதிவதற்கு 2016 அக்டோபர் 20 முதல் கட்டுப்பாடு இருக்கிறது. இந்த மனைப்பிரிவுக்கு டிடிசிபி (நகர ஊரமைப்பு இயக்ககம்) அங்கீகார எண்ணும், மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா ஆணையத்தின் எண்ணும் இருந்ததால் நிம்மதியாகத்தான் இருந்தேன்.

தலையாரியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியப்பாவிடம் காகிதங்களைக் காட்டினேன். அங்கீகரித்த வரைபடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “இதுல 42 வரைக்கும்தானப்பா இருக்கு, உன் நம்பர் எங்க?” என்றார். டிவிஎஸ் ஃபிஃப்டியில் என்னை ஏற்றிக்கொண்டு கிளம்பினார். புலப்படத்தில் 42-ஆம் மனைக்குப் பின்னால் இரட்டைக் கோடாக ஒரு வாய்க்கால் போகிறது. இடத்திலோ சமமாகக் கிராவல் கொட்டியிருந்தது. பெரியப்பா செருப்பு நுனியால் கிளறினார். அடியில் பச்சையாகக் கோரை. “தண்ணி போற இடத்துலதான் இது முளைக்கும்” என்றார்.

மனை விற்கும் நிறுவனத்தின் அலுவலகத்தில் கேட்டதற்கு, “அது எக்ஸ்டென்ஷன் சார், அப்ரூவல் வந்துரும்” என்றார்கள். வேன் அனுப்பியபோது இருந்த சிரிப்பு அங்கே இல்லை. வேண்டுமானால் டோக்கனை 30-ஆம் மனைக்கு மாற்றித் தருகிறோம் என்றார்கள். பத்திரத்தை வழிகாட்டி மதிப்புக்கு (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை) எழுதி மீதியை ரொக்கமாகத் தர வேண்டும் என்பது நிபந்தனை. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். அதைக் குறைக்கத்தான் இந்த ஏற்பாடு. என் பணமோ மொத்தமும் என்ஆர்ஈ கணக்கில், அதாவது வெளிநாட்டுச் சம்பளத்தைப் போட்டு வைக்கும் வங்கிக் கணக்கில் இருக்கிறது, கையில் ரொக்கமாக இல்லை. அதோடு, குறைத்து எழுதினால் பின்னால் விற்கும்போது லாபம் பெரிதாகத் தெரியும், அதற்கு வரி கட்டப்போவது நான். வேண்டாம் என்று எழுந்துவிட்டேன்.

மனை அமையாமலே லீவ் முடிந்தது. கிளம்பும் முன், எனக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட என் தம்பி பேருக்கு பவர் பத்திரம் எழுதி இங்கேயே பதிந்துவிட்டேன். துபாயில் இருந்துகொண்டு எழுதினால் தூதரகத்தில் சான்று வாங்க வேண்டும், இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும் என்று அலைச்சல். சார்பதிவாளர் அலுவலகத்தில் டோக்கன் நேரப்படி கூப்பிட்டார்கள். போட்டோ, கைரேகை எல்லாம் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடிந்துவிட்டது.

அந்த 20,000 மட்டும் இன்னும் வரவில்லை. தரகருக்குப் போன் போட்டால், “அடுத்த லீவ் எப்போ தம்பி?” என்கிறார்.