ரைஃபிள் ஸ்கோப் ஆன்லைனில் வாங்குபவர்களுக்கு: என் 1,350 டாலர் போன கதை

தூரத்தில் இருப்பதைப் பெரிதாக்கிக் காட்டிக் குறி பார்க்க உதவும், துப்பாக்கிமேல் பொருத்தும் ஸ்கோப் ஒன்றை 1,350 டாலர் கொடுத்து வாங்கினேன். அது டூப்ளிகேட். பணம் திரும்பி வரவில்லை. எங்கே போனாலும் கையை விரிக்கிறார்கள். தூரத்தில் நிற்கும் கொயோட்டியை (ஓநாய் இனத்துச் சிறிய காட்டு நாய்) சுட எந்த ஸ்கோப் வாங்கலாம் என்று இங்கே சிலர் கேட்டிருந்தீர்கள், விரிவாக எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் இந்த அயோக்கியத்தனத்தைச் சொல்லிவிடுகிறேன்.

மேற்கு டெக்சஸில், சான் ஆஞ்சலோ பக்கம் ஆடு வளர்க்கிறோம். குட்டி போடும் பருவத்தில் கொயோட்டித் தொல்லை தாங்காது. காவலுக்கு நாய்கள் இருந்தும் வேலியோரமாக வந்து குட்டியைத் தூக்கிவிடும். இங்கே கொயோட்டிக்குத் தடைக்காலம் கிடையாது, வருடம் முழுக்கச் சுடலாம். ஆனால் அது கிட்டத்தில் வராது. வெட்டவெளியில் 300, 400 யார்டு தள்ளி நின்று பார்க்கும். பெரிய ஆண் கொயோட்டியே 20 கிலோவைத் தாண்டுவது அபூர்வம். ரோமத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் குறி வைக்க வேண்டிய நெஞ்சுப் பகுதி ஒரு கையகலம்தான். அந்தத் தூரத்தில் அந்தக் கையகலத்தில் படவேண்டுமென்றால் ஸ்கோப் பொய் சொல்லக் கூடாது. அதனால்தான் அவ்வளவு பணம் போட்டேன்.

துப்பாக்கிச் சாமான்களை ஆளுக்கு ஆள் விற்றுக்கொள்ளும் ஒரு தளம். பெயர் சொல்லவில்லை. பெயர்போன ஒரு அமெரிக்கக் கம்பெனியின் ஸ்கோப், கொஞ்ச நாள் பயன்படுத்தியது என்று ஒருவன் போட்டிருந்தான். கடை விலையைவிடச் சுமார் முப்பது சதவீதம் குறைவு. பாதி விலை என்றால் யாருக்கும் சந்தேகம் வரும். இது நியாயமான செகண்ட் ஹேண்ட் விலை.

போனில் பேசினான். என்ன துப்பாக்கி என்று கேட்டான். 6.5 கிரீட்மோர் என்ற வகைத் தோட்டா போடுவது என்றேன். அப்புறம் அவன் சொன்னதைக் கேளுங்கள். என்னிடம் 25 மடங்கு வரை பெரிதாக்கும் ஸ்கோப்பும் இருக்கிறது, 400 டாலர் கூட வரும், ஆனால் உங்களுக்கு அது வேண்டாம் என்றான். வெயில் ஏறினால் தரையிலிருந்து அனல் அலையும், பெரிதாக்கப் பெரிதாக்க அந்த அலைதான் தெரியும், மிருகம் தெரியாது. விடியற்காலை மங்கலில் 50 மில்லிமீட்டர் முன்கண்ணாடி உள்ள ஸ்கோப்பை 25 மடங்கில் வைத்தால் கண்ணுக்கு வரும் வெளிச்ச வட்டம் 2 மில்லிமீட்டர்தான், 10இல் வைத்தால் 5. கொயோட்டிக்கு 15, 18 மடங்கு தாராளம் என்றான். அத்தனையும் உண்மை! விலை கூடின சரக்கை வேண்டாம் என்று தள்ளிவிடுகிறவனை எப்படிச் சந்தேகப்படுவது? ஏன் விற்கிறீர்கள் என்றேன். இரவு வேட்டைக்கு, உடல் சூட்டைக் காட்டும் தெர்மல் ஸ்கோப் வாங்கிவிட்டேன் என்றான். இங்கே பாதிப் பேர் அப்படித்தான் மாறியிருக்கிறார்கள். ஒரு தாளில் என் பெயரையும் தேதியையும் எழுதி ஸ்கோப் பக்கத்தில் வைத்துப் படம் அனுப்பினான். குண்டு படும் இடத்தை ஏற்றி இறக்கும் மேல் குமிழைத் திருப்பும் வீடியோவும் அனுப்பினான். ஒவ்வொரு கிளிக்கும் சுத்தமாகக் கேட்டது. தளத்தின் கமிஷன் மிச்சமாகட்டும், நண்பர்களுக்கு அனுப்புவது போல நேராக அனுப்புங்கள் என்றான். 1,350 டாலர் அனுப்பினேன்.

பெட்டி, ஸ்டிக்கர், சீரியல் நம்பர் எல்லாம் கனகச்சிதம். துப்பாக்கியில் ஏற்றி 100 யார்டில் ஜீரோ செய்தேன், அதாவது குறி வைக்கும் இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்தேன், சரியாகத்தான் இருந்தது. பிறகு கிளிக் சோதனை. ஒரு கிளிக் கால் எம்ஓஏ (கோண அளவு), அதாவது 100 யார்டில் கால் இன்ச் சொச்சம். 40 கிளிக் ஏற்றினால் குண்டு பத்தரை இன்ச் மேலே பட வேண்டும். ஏழு இன்ச்தான் ஏறியது. அதே 40ஐ இறக்கினால் பழைய ஓட்டைக்கு வரவில்லை, இரண்டு இன்ச் வலப்பக்கம் போய்ப் பட்டது. மறுபடி சுட்டால் வேறு இடம். என் தோட்டா 400 யார்டில் முப்பது இன்ச் அளவுக்கு இறங்கும். அதை இந்தக் குமிழை நம்பி ஈடுகட்டினால் பத்து இன்ச் கீழே போய்ப் படும். நெஞ்சுக்கு வைத்தது காலில் பட்டு அந்த மிருகம் எங்கேயோ போய் நாள்கணக்கில் வதைபட்டுச் சாகும். குட்டியைத் தூக்கினாலும் எந்த உயிரையும் அப்படி விடக் கூடாது.

கம்பெனிக்கு சீரியல் நம்பரையும் படங்களையும் அனுப்பினேன். இந்த நம்பர் எங்களுடைய வேறொரு மாடலுக்கு உரியது, உங்கள் கையில் இருப்பது போலி, வாரன்டி கிடையாது என்று பதில் வந்தது.

விற்றவனைக் கூப்பிட்டேன். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் ரிங்கின் திருகை முறுக்கினீர்களா என்றான். ரிங்கைத் தாங்கும் பேஸ் ஆடுகிறதா, பேரல் சூடாகிவிட்டதா என்றான். எல்லாம் பார்த்தாயிற்று, கம்பெனியே போலி என்று எழுதிக் கொடுத்திருக்கிறது என்றேன். போனை வைத்தவன் அதோடு என்னை பிளாக் செய்துவிட்டான். தளத்துக்கு எழுதினேன். நாங்கள் இடம் மட்டும்தான் தருகிறோம், விற்றவரிடமே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். பிளாக் செய்துவிட்டான் என்று பதில் எழுதினால், உங்கள் புகார் தீர்க்கப்பட்டது என்று மெயில் வருகிறது. என்ன தீர்ந்தது? 1,350 டாலர் எங்கே? வங்கியைக் கேட்டால், நீங்களே ஒப்புதல் கொடுத்து அனுப்பிய பணம், நாங்கள் ஒன்றும் செய்வதற்கில்லை என்கிறார்கள். போலீசில், இது சிவில் விவகாரம் என்று சொல்லி ஒரு தாளில் நம்பர் எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். எஃப்பிஐயின் இணையக் குற்றப் புகார் மையமான ஐசி3யில் பதிவு செய்திருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

இன்று காலை அதே படங்கள் வேறு பெயரில், அதே 1,350 டாலருக்கு மறுபடி வந்திருக்கின்றன. என் பெயர் எழுதிய தாளை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறான். தாளின் ஒரு மூலை இன்னும் படத்தில் தெரிகிறது. அதைப் பார்த்த பிறகு எந்த ஸ்கோப் நல்லது என்று பொறுமையாக உட்கார்ந்து எழுத மனசு வரவில்லை. அவசரமாகச் சில விஷயங்கள் மட்டும் சொல்கிறேன்.

அறிமுகமில்லாதவரிடம் வாங்கினால், நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் பணம் அனுப்பாதீர்கள். அதற்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. கிரெடிட் கார்டில் கொடுத்தால் பில் வந்து 60 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கச் சட்டமே இடம் தருகிறது. பணம் கொடுப்பதற்கு முன்பே சீரியல் நம்பரை வாங்கிக் கம்பெனியிடம் கேளுங்கள், சொல்வார்கள். நம்பர் தரத் தயங்கினால் அங்கேயே விட்டுவிடுங்கள். கையெழுத்துத் தாள் படம், வீடியோ எதையும் நம்பாதீர்கள். வந்ததும் ஜீரோ மட்டும் பார்த்துத் திருப்திப்படாமல், அந்த வாரமே கிளிக் ஏற்றி இறக்கிச் சோதியுங்கள். மடங்கு, ரெட்டிகிள் (உள்ளே தெரியும் குறிக்கோடு), கண்ணாடி எல்லாம் அதற்கப்புறம்தான். 6.5 கிரீட்மோருக்கு ஏற்றது என்று சொல்லி, 1,350 டாலருக்கு, மூலையில் வெள்ளைத் தாள் துணுக்குத் தெரியும் படத்தோடு ஒரு ஸ்கோப் கண்ணில் பட்டால் வாங்காதீர்கள், எனக்கு உடனே தகவல் சொல்லுங்கள்.