லண்டன் ரிக்கற்றும் கஸ்தூரியார் வீதித் தம்பியும்

அக்காவின் மகளுக்கு லண்டனில் கல்யாணம். நாங்கள் நாலு பேர் போகவேணும். ஒரு கிழமையாக இரவிரவாகப் போனில் ரிக்கற் தேடி, ஒவ்வொரு முறையும் வேறு வேறு விலை வந்து, என் போன்தான் விலையை ஏற்றுகிறதோ என்று மனைவியின் போனையும் வாங்கிப் பார்த்து (ஒரு வித்தியாசமும் இல்லை), கடைசியில் வெறுத்துப்போய் கஸ்தூரியார் வீதிப் பக்கம் ஒரு சின்ன ரிக்கற் கடைக்குப் போனேன். பெயர் சொல்லவில்லை, ஏனென்றால் ஒரு குறையும் சொல்லப் போகிறேன்.

முதலில் கேட்டது யாழ்ப்பாணத்தில் எல்லாரும் கேட்பதுதான். பலாலி விமான நிலையத்தில் ஏறினால் ஒரு மணித்தியாலம் சொச்சத்தில் சென்னை, அங்கிருந்து லண்டனுக்கு நேரே விமானம். பிறகு ஏன் கொழும்பு விமானம் ஏறுகிற கட்டுநாயக்கா வரை 400 கிலோமீற்றர் அளவில் தெற்கே பஸ்ஸில் போய், திரும்ப வடக்கே பறக்கவேணும்? கடைத் தம்பி சிரித்தார். தனித்தனி ரிக்கற் என்றால் சென்னையில் வெளியே வந்து பெட்டியை எடுத்துத் திரும்பப் போடவேணும், அதற்கு இந்திய விசா வேணும், பலாலி விமானம் பிந்தினால் லண்டன் விமானம் எங்களுக்காக நிற்காது, காசும் போய்விடும். சரி, விட்டேன்.

கொழும்பிலிருந்து நேரே போவது விலை கூட, டோகாவில் இறங்கி மாறிப் போவது குறைவு. இரண்டு விமானம், கூடுதல் தூரம், கூடுதல் சாப்பாடு, ஆனால் காசு குறைவு! "தூரத்துக்கு விலை இல்லை அண்ணை, போட்டிக்குத்தான் விலை" என்றார். டோகா, துபாய், அபுதாபி வழியாகப் பறக்கிற கம்பனிகள் ஆளுக்காள் போட்டிபோட்டு ஆட்களைப் பிடிக்கின்றன, நேரே பறக்கிற கம்பனிக்கு அந்த நெருக்கடி குறைவு.

நான் அசந்துபோனது அடுத்ததில். எக்கனமி என்று ஒரே பகுதியாகத் தெரிந்தாலும் உள்ளே பல விலைக் கட்டுகள், ஒவ்வொன்றுக்கும் வை, எம், கியூ என்று ஓர் எழுத்து. மலிவுக் கட்டில் மூன்று சீற் மட்டும் மிச்சம் இருக்க நாலு பேருக்குத் தேடினால், கொம்பியூட்டர் நாலு பேரையும் சேர்த்து அடுத்த விலைக்குத் தள்ளிவிடும். தம்பி மூன்று, ஒன்று என்று பிரித்துப் போட்டார். மூன்று பேருக்கு மலிவு விலை, எனக்கு மட்டும் கூடின விலை. ஒரு கிழமையாக நான் நாலு நாலாகவே தேடியிருக்கிறேன், மடையன். ஆனால் பிரித்துப் போட்டால் விமானம் மாறும்போது நாங்கள் ஒரே குடும்பம் என்று கம்பனிக்குத் தெரியாது என்பதையும் அவரே சொல்லிவைத்தார்.

மருமகன் யூடியூப்பில் பார்த்த ஒரு வித்தையையும் கேட்டேன். லண்டனைத் தாண்டி வேறு ஊருக்குப் போகிற மலிவு ரிக்கற்றை எடுத்து லண்டனிலேயே இறங்கிவிடுவது. பெட்டி கடைசி ஊருக்குப் போய்விடும், ஒரு பறப்பைத் தவறவிட்டால் திரும்பி வருகிற ரிக்கற்றும் ரத்தாகும் என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

குறை இதுதான்: தன் கட்டணத்தைக் கடைசியில், ரிக்கற் அடித்த பிறகுதான் சொன்னார். தொகை பெரிதில்லை, முதலே சொல்லியிருக்கலாம். கடைக்கு ஐந்துக்கு நாலு புள்ளி. மத்தியானம் போகாதீர்கள், சாப்பிடப் போனால் மூன்று மணிக்குத்தான் வருவார்.