சேலத்துச் சுந்தரமும் காரைக்குடி மெய்யப்பரும்

தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர்களான டி.ஆர். சுந்தரம், ஏ.வி. மெய்யப்பன் இருவரும் 1907-இல் பிறந்தவர்கள். படத்தொழிலுக்கு வந்த வழிதான் வேறு. திருச்செங்கோட்டுக்காரரான சுந்தரம் இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர். இசைத்தட்டு வணிகத்திலிருந்து வந்த மெய்யப்பர், கல்கத்தாவில் எடுத்த 'அல்லி அர்ஜுனா' (1935) தோற்றபின் தட்டுத்தடுமாறி மேலேறினார்.

சுந்தரம் சேலத்தை விட்டு நகரவேயில்லை. ஏற்காடு சாலையில் அவர் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ், தளமும் ஆய்வகமும் எழுத்தாளர்களும் ஒரே வளாகத்தில் இயங்கிய ஆலையாகவே நடந்தது; நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. மலையாளத்தின் முதல் பேசும்படமான 'பாலன்' (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956) ஆகிய இரண்டும் அவருடையவையே. இன்று அந்த முகப்பு வளைவு மட்டுமே நிற்பதைப் பார்க்கையில் மனம் கனக்கிறது.

மெய்யப்பருக்கோ காதுதான் மூலதனம். 'நந்தகுமார்' (1938) படத்தில், நடிப்பவருக்காக வேறொருவர் பாடும் பின்னணிக் குரலைப் பயன்படுத்தினார். கன்னட 'ஹரிச்சந்திரா'வைத் தமிழ் பேச வைத்தார். போர்க்காலத்தில் காரைக்குடிப் பக்கம் ஒதுங்கி, கீற்றுக் கொட்டகைகளில் உருவாக்கிய 'நாம் இருவர்' (1947), பாரதியின் பாடல்களைத் திரையரங்குகள்தோறும் ஒலிக்கச் செய்தது. பிறகே வடபழனிக்குப் பெயர்ந்தார்.

துணிச்சலில் சுந்தரத்தையே முன்வைப்பேன். ஆயினும் 1963-இல் அவர் மறைந்ததும் நிறுவனம் மெல்லத் தளர்ந்தது, மெய்யப்பரின் ஏ.வி.எம். நிறுவனமோ 1979-இல் அவர் மறைந்த பின்னும் பிள்ளைகளால் தொடர்ந்தது.